பினாங்கில் பதினோராம் நாள்

ஜூன் 2, ஞாயிறு. கோவில்பட்டி

பினாங்கு என் ஊர் என்றொரு நம்பிக்கை எங்கள் வீட்டில் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் இளம்பரிதி இன்று காலை தொலைபேசியில் அந்த நம்பிக்கைக்கு ஒரு பரிசு அறிவித்தான்.

"அப்பா, இங்க வாறீங்கள்ல, அப்படியே ஒரு நாள் பினாங்கும் போறீங்க. நீங்களும் அம்மாவும் மட்டும். தனி வண்டி, தனி கைடு. கல்யாண நாள் பரிசு. முப்பது வருசம் ஆச்சுல்ல. ஒங்க எடத்த அம்மாவுக்குக் காட்டுங்க."

இந்த நாட்குறிப்பு பின்னாளில் அச்சாக வாய்ப்புள்ளதால் சில விவரங்கள். 1991-இல் நான் எழுதிய 'பத்து நாளில் பினாங்கு' நூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று பதிப்பு. கிளை நூலகர் என்ற முறையில் அதைப் பயண நூல் அடுக்கில் என் கையாலேயே வைத்தேன். 1994-இல் பெண் பார்க்கப் போனபோது மாமனார் வெற்றிலைத் தட்டில் அதை வைத்து உறவினருக்குச் சுற்றுக்கு விட்டார். வெளிநாடு போய்வந்த மாப்பிள்ளை அன்று கோவில்பட்டியில் மூன்றே பேர். மற்ற இருவருக்கும் குடிப்பழக்கம் இருந்தது. இப்படித்தான் செண்பகவல்லி எனக்குக் கிடைத்தாள்.

ஒருமுறை பார்த்த ஊரை மறுமுறை பார்ப்பது முதல் பார்வைக்குச் செய்யும் துரோகம் என்று மகனுக்கு எடுத்துச் சொன்னேன். டிக்கெட் போட்டாயிற்று என்றான்.

"நல்லதுதானங்க," என்றாள் செண்பகவல்லி, கீரை ஆய்ந்துகொண்டே. "எனக்கும் அந்த ரெண்டு கடல் மாரியம்மனப் பாக்கணும்."

அது பக்கம் 84. ஏழாம் நாள். மலைச்சரிவில் ஒரு வேப்பமரம், அடியில் ஒரு மாரியம்மன் கல். அதன் முன் நின்று கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே பார்த்தாலும் கடல். கன்னியாகுமரி பக்கத்தில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றிச் சில எதிர்பார்ப்புகள் இருக்கும். வாசகர்கள் அதிகம் பாராட்டிய பக்கம் அதுதான்.

ஜூன் 4, செவ்வாய்

பெட்டி கட்டும் பணி. என் பாஸ்போர்ட் புத்தம்புதியது. பழையதை எலி தின்றுவிட்டது என்று மார்ச் மாதமே செண்பகவல்லியிடம் விளக்கியிருந்தேன். இன்றும் ஒருமுறை விளக்கினேன்.

"எலி பாவம்," என்றாள்.

மஞ்சள் துணியில் அவள் எதையோ முடிந்து பெட்டிக்குள் வைத்தாள். கல்லுப்பும் மிளகும். உப்பும் மிளகும் கிடைக்கும் நாடுகளுக்குத்தான் போகிறோம் என்று சுட்டிக்காட்டினேன். "இருக்கட்டும்," என்றாள். மூன்று முறை வெளியே எடுத்து வைத்தேன். மூன்று முறையும் உள்ளே போயிற்று.

ஜூன் 6, வியாழன்

என் நூலை மறுபடி முழுவதும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன். சில விவரங்கள் எனக்கே புதிதாக இருந்தன.

ஜூன் 9, ஞாயிறு

வழிகாட்டி அழைத்தார். பெண் குரல்.

"வணக்கம் சார், பசியாறிட்டீங்களா? நான் கோகிலவாணி, பினாங்குலருந்து பேசுறேன். ஒங்க மகன் பேரு குடுத்தாரு. சார், நீங்க அந்த உலகநாதன்தானா? புத்தகம் எழுதுன உலகநாதன்?"

எந்த உலகநாதன் என்பதை முடிவு செய்ய ஒரு கணம் பிடித்தது. ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிறு கூச்சல்.

அவருடைய தந்தை வீரபத்திரன் அந்தக் காலத்தில் சுற்றுலா வேன் ஓட்டியவராம். தமிழ்நாட்டிலிருந்து வரும் கூட்டமெல்லாம் கையில் என் நூலோடு வருமாம். மகளும் அதை வைத்தே தொழில் படித்தாராம்.

"ஒங்க பத்து நாளையும் ஒரே நாள்ல காட்டப்போறேன், சார். பக்கம் பக்கமா. ஏழாம் நாள் எடத்துக்கு அப்பாவே வந்து நிப்பாரு. ஒங்க பேரக் கேட்டதுலருந்து அவரு சரியா சாப்பிடல."

வாசகரின் மரியாதை உணவு வரை போவது அபூர்வம். அப்படி ஓர் இடம் அங்கே இன்னும் இருக்கிறதா என்று சாதாரணமாக விசாரித்தேன்.

"என்னா சார் இப்படிக் கேக்குறீங்க! நான் சின்னப் பிள்ளையிலருந்து சாமி கும்புடுறேன்."

அதன்பின் சாத்தூரில் இருக்கும் அக்கா பேச்சியம்மாளுக்கு ஒரு போன் செய்தேன். இரண்டு மாதமாகப் பேசவில்லை. ஊருக்குப் போகும்முன் செண்பகம் விடைபெற அழைத்தால் பழைய கதைகள் எதையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"எந்தப் பழைய கதைலே?" என்றாள் அக்கா.

ஒன்றுமில்லை என்றேன்.

"அம்ம போட்ட கதையா?"

ஒன்றுமில்லை என்று மறுபடி சொன்னேன். 1991 மே மாதம் எனக்குப் பத்து நாள் மருத்துவ விடுப்பு என்று அலுவலகப் பதிவேடு சொல்லும். பதிவேடுகள் பலவும் சொல்லும்.

ஜூன் 12, புதன். சிங்கப்பூர்

விமான நிலையத்தில் மஞ்சள் முடிச்சைப் பிரித்துப் பார்த்த அதிகாரி முகம் சுளிக்காமல் திருப்பிக் கட்டினார். தமிழர். "வெளிநாட்டுக்கு முதல் தடவையாம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு முதல் தடவ. இவுகளுக்குப் பழக்கம்," என்றாள் செண்பகவல்லி.

எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனேன்.

ஜூன் 14, வெள்ளி. பினாங்கு

சுற்றுலா இனிதே நடந்தது. மழை இல்லை. மற்றவை நாளை.

ஜூன் 15, சனி. சிங்கப்பூர்

மற்றவை.

கோகிலவாணிக்கு முப்பது வயதிருக்கும். விமான நிலைய வாசலில் என் நூலின் முதல் பதிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அட்டை போய், பைண்டு செய்து, பக்க ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவன், அந்தக் குறிப்புகளைப் பார்த்ததும் மறுபடி பையில் செருகிக்கொண்டேன்.

விமானம் தீவிலேயே இறங்கிவிட்டது. ஆனால் என் நூலில் நான் படகில் வந்திருக்கிறேன். ஆகவே அவர் எங்களை வண்டியில் ஏற்றி, பாலத்தின் வழியே தீவிலிருந்து வெளியேற்றி, அக்கரையில் படகேற்றி மறுபடி தீவுக்குக் கொண்டுவந்தார். பதினைந்து நிமிடத்தில் கரை வந்துவிட்டது. நூலில் ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு சீனப் பெரியவருடன் வாழ்க்கையைப் பற்றி நான் உரையாடியது மட்டும் நான்கு பக்கம்.

"இவ்ளோ பேச எப்படி சார் நேரம் கெடைச்சிச்சு?" என்றார் கோகிலவாணி. அது சந்தேகமல்ல, வியப்புதான்.

"அவர் வேகமாகப் பேசுபவர்," என்றேன். தவிர, படகுகள் அன்று மெதுவாகப் போயின. நாடுகள் முன்னேறும்.

அடுத்து மலை ரயில். நூலில் நான் கால்நடையாக ஏறி, நானூறாவது படியில் வழுக்கி விழுந்து, நெற்றியில் மூன்று தழும்பு பெற்றிருக்கிறேன். எந்தப் படி என்று கோகிலவாணி கேட்டார். படம் எடுக்க வேண்டுமாம். படிகள் மாறியிருக்கின்றன என்றேன். செண்பகவல்லி என் நெற்றியை, மூன்று தழும்பையும் தனித்தனியாக எண்ணுபவள்போல, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு தீவின் மேற்குப் பக்கம், சாதிக்காய்த் தோட்டம். 'சாதிக்காய் ஒவ்வொன்றும் தேங்காய் அளவு' என்பது என் பக்கம் 71. நான் பார்த்த கலைக்களஞ்சியப் படத்தின் கீழே அளவு போடவில்லை. கோகிலவாணி ஒரு காயைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிது.

"விளைச்சல் குறைந்திருக்கிறது," என்றேன்.

"பாவம், முப்பது வருசத்துல இப்படி எளச்சுப்போச்சே," என்றாள் செண்பகவல்லி. அதற்கு ஊறுகாய் போடலாமா என்று கோகிலவாணியிடம் கேட்டாள். போடலாமாம்.

இதுவரை எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஏழாம் நாளை அடைந்தோம்.

டுரியான் பழத் தோட்டம் ஒன்றின் நடுவே மண்பாதை ஏறியது. மேலே ஒரு வேப்பமரம். நன்றாகப் பருத்த மரம். அடியில் மஞ்சள் பூசிய கல், மேலே தகரக் கூரை, கிளைகளில் பத்துப் பன்னிரண்டு தொட்டில் துணிகள். 'அருள்மிகு இருகடல் மாரியம்மன்' என்று பலகை. அதன் கீழே என் பக்கம் 84 முழுவதும் பெயிண்டில் எழுதி, இறுதியில் என் பெயர். நான் எழுதியவற்றில் வெயிலிலும் மழையிலும் நிற்பது இது ஒன்றுதான்.

நான் கற்பனை செய்ததைவிட நன்றாகவே இருந்தது. இந்த வாக்கியத்தை அச்சுக்கு முன் சரிபார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் நாற்காலியில் வீரபத்திரன் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொடும் வயது, வெள்ளை வேட்டி, கைத்தடி. எழ முயன்றார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் பக்தியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். அது வேறு ஏதோ. பரீட்சை முடிவு ஒட்டப்போகும் பலகையை அப்படித்தான் பார்ப்பார்கள்.

முந்திக்கொள்வது எப்போதும் நல்லது. நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். அடிமரத்தைத் தட்டினேன்.

"இதேதான்," என்றேன். "இந்த மரத்தடியில்தான் உட்கார்ந்தேன். அப்படியே இருக்கிறது."

கோகிலவாணி கைதட்டினார். "சொன்னேன்ல பா! நீங்கதான் பயந்துகிட்டு இருந்தீங்க!"

வீரபத்திரன் கைதட்டவில்லை. கைத்தடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். அழுகிறார் என்பது புரியச் சற்று நேரமாயிற்று.

"ஐயா, மன்னிச்சிருங்க," என்றார். "சாகறதுக்குள்ள ஒங்ககிட்ட சொல்லிடணும்னு இருந்தேன். நீங்க பாத்த எடம் இது இல்ல. இந்த மரம் நான் நட்டது. தொண்ணூத்தஞ்சுல. கல்லும் நான்தான் வச்சேன்."

கோகிலவாணியின் கைகள் அப்படியே நின்றன. "என்னாப்பா சொல்றீங்க?"

"ஒங்கம்மாவுக்குத் தெரியும். ஒனக்குச் சொல்லல," என்றார். பிறகு என்னிடம்: "வர்றவங்க எல்லாம் புத்தகத்த விரிச்சு, இந்த எடத்தக் காட்டுன்னாங்க. நான் இங்க பொறந்தவன்யா. எனக்குத் தெரியல. ஒம்பது மாசம் தேடுனேன், லீவு நாள்லாம். ஏறாத மலை இல்ல. முட்டி அப்பவே தேஞ்சிருச்சு. மூணு கூட்டம் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, இந்த ஆளுக்கு ஊரே தெரியலன்னு. மொதலாளி என்னய கூப்பிட்டு, 'பொறந்த ஊரு தெரியாதவனுக்கு எதுக்கு வேன்'னு சாவிய வாங்கிட்டாரு. அப்புறம்தான் கூட்டாளி தோட்டத்துல ஆள் ஒசரத்துக்கு ஒரு வேப்பங்கன்னு கொண்டாந்து நட்டேன். சொந்தமா டாக்சி எடுத்து, இதுதான் அதுன்னு காட்ட ஆரம்பிச்சேன்."

நான் பலகைக்கு முதுகைக் காட்டி நகர்ந்து நின்றேன்.

அப்போது அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் அழுகை மெல்ல வற்றி, அந்த இடத்தில் ஒரு கணக்கு ஏறியது.

"ஐயா. இத தொண்ணூத்தஞ்சுலதான் நட்டேன். நீங்க வந்தது தொண்ணூத்தொண்ணு. அப்ப நீங்க எந்த மரத்தடியில ஒக்காந்தீங்க?"

முப்பத்து மூன்று ஆண்டுகளாக எந்த விமரிசகரும் கேட்காத கேள்வி.

செண்பகவல்லி இரண்டடி தள்ளி, கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்காமல் பேசுவதென்று முடிவு செய்து, அவளைப் பார்த்தே பேசினேன்.

"சாத்தூரில்," என்றேன். "அக்கா வீட்டுப் பின்கட்டில். அம்மை போட்டிருந்தது. பத்து நாள் வேப்பிலைக்கு நடுவே படுக்க வைத்திருந்தார்கள். நூலகத்திலிருந்து நான்கு புத்தகம் கொண்டுபோயிருந்தேன். நான்கும் பினாங்கைப் பற்றியவை. பின்கட்டில் ஒரு வேப்பமரம் இருந்தது."

இந்த இடத்தில் நூலின் வாசகர்களுக்காக ஒரு தகவலைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நேற்றைக்கு முன் நான் பினாங்குக்குப் போனதில்லை.

"வரவே இல்லையா?" என்றார் வீரபத்திரன்.

"இல்லை."

"படகு? சீனக் கெழவன்?"

"இல்லை."

"இல்லாத எடத்துக்கா நான் முட்டிய ஒடச்சேன்?" அவர் குரல் உயர்ந்தது. தடியைத் தரையில் ஓங்கிக் குத்தினார். "பொறந்த ஊரு தெரியாதவன்னு பேரு வாங்குனேன்யா! என் பொண்டாட்டி சொந்தக்காரங்க முன்னுக்கு!"

மன்னிப்பு என்ற சொல்லை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் காது மந்தம். இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்தில் டுரியான் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் பால் செம்புமாக மேலே ஏறி வந்தாள். குழந்தைக்கு இப்போதுதான் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும், தலைக்கு ஊற்றிய ஈரம் காயவில்லை. "கொஞ்சம் தள்ளிக்குங்க," என்று எங்களிடம் சொல்லிவிட்டு, கல்லுக்குப் பாலூற்றி, குழந்தையின் நெற்றியில் மஞ்சளைத் தீட்டி, வந்த வழியே இறங்கிப் போனாள். அவள் பலகையைப் படிக்கவில்லை. இதை ஓர் எழுத்தாளன் கவனிக்காமல் இருக்க முடியாது.

வீரபத்திரனின் தோள் குலுங்கியது. மறுபடி அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிப்பு.

"இருவத்தொம்பது வருசமா பொய்யி சொல்றது நான் ஒருத்தன்தான்னு நெனச்சி சோறு எறங்காம கெடந்தேன்யா," என்றார்.

தொழில்முறை ஆர்வத்தில் ஒன்று கேட்டேன். இங்கிருந்து மேற்கே கடல் தெரிகிறது, சரி. கிழக்கே முழு மலைத்தொடரும் நிற்கிறதே, இரண்டாம் கடலுக்கு என்ன செய்தீர்கள்?

"மனசு சுத்தமா இருந்தாத்தான் தெரியும்னு சொல்வேன்யா. இதுவரைக்கும் ஒருத்தர்கூட தெரியலன்னு சொன்னதில்ல."

"படித்தவர்கள்கூடவா?"

"அவங்கதான் மொதல்ல பாப்பாங்க."

கோகிலவாணி நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு இருவது பேரு வர்றாங்க," என்றார், யாரிடம் என்றில்லாமல். "நான் என்னா சொல்லட்டும்?"

"நடந்ததச் சொல்லும்மா," என்றாள் செண்பகவல்லி. "இதவிட நல்ல தலபுராணம் எந்தக் கோயிலுக்கு இருக்கு?"

சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து மஞ்சள் முடிச்சை எடுத்தாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்கீங்க? பேச்சி மதினி நமக்குக் கல்யாணமாகி மூணாம் நாளே சொல்லிட்டாக. எந்தம்பி பினாங்குல விழல, அது அம்மத் தழும்பு, அவனப் பத்து நாளு நான்தான் பாத்தேன்னு. அப்ப மாரியம்மனுக்கு உப்பும் மெளகும் நேந்துக்கிட்டாகளாம். எந்த மாரியம்மனுக்குன்னு சொல்லாமலே நேந்துட்டாக, அதான் செய்யாமலே கெடந்துச்சு."

"முப்பது வருடமாகத் தெரிந்தும் ஏன் கேட்கவில்லை?"

"என்னைக்காவது சொல்வீகன்னு இருந்தேன்," என்றாள். முடிச்சைப் பிரித்தாள். "பொய்யச் சொல்லிக் கெட்டிக்கிட்டீகன்னு மொத வருசம் கோவம் இருந்துச்சு. அப்புறம் அந்த எம்பத்து நாலாம் பக்கத்தப் படிச்சேன். காய்ச்ச அடிச்சவன் தண்ணி கேட்ட மாதிரியே இருந்துச்சு. சரி, பொழச்சுக் கெடந்தாரேன்னு விட்டுட்டேன். தள்ளுங்க."

உப்பையும் மிளகையும் கல்லின் முன் கொட்டினாள். பாதியை என் கையில் தந்தாள்.

செருப்பைக் கழற்றக் குனிந்தேன். குனிந்தவன் நிமிரக் கொஞ்ச நேரமாகிவிட்டது. வயது.

புறப்படும் முன், பலகையில் என் பெயரை அழித்துவிட்டு நட்டவர் பெயரை எழுதும்படி வீரபத்திரனிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை.

"ரெண்டு பேரும் இருக்கட்டும்யா. யாராச்சும் ஏச வந்தா பாதி பாதி."

எட்டு, ஒன்பது, பத்தாம் நாட்களுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. வீரபத்திரன் வீட்டில் சோறு தயாராக இருந்தது. ஆறு நாளைக்கும் சேர்த்து அவர் சாப்பிட்டார்.

ஜூன் 17, திங்கள்

சாதிக்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில். எண்ணெய் கசிந்து என் நூலின் மேல் ஊறிவிட்டது. பக்கம் 71 மட்டும் படிக்க முடியவில்லை. நல்லது.

ஜூன் 19, புதன். கோவில்பட்டி

கோகிலவாணி படம் அனுப்பியிருந்தார். பலகையில் பக்கம் 84-க்குக் கீழே புது பெயிண்டில்: 'எழுதியவர்: கோவில்பட்டி உலகநாதன், பார்க்காமல். நட்டவர்: பினாங்கு வீரபத்திரன், தேடிப் பார்த்துவிட்டு.' இருபது பேர் கூட்டம் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. நான்கு பேர் கிழக்கே கைநீட்டிக் காட்டுகிறார்கள்.

மாலையில் நூலகத்துக்குப் போனேன். ஓய்வு பெற்றவன் என்றாலும் அடுக்குகளில் என் கையை யாரும் தடுப்பதில்லை. பயண நூல் அடுக்கிலிருந்து 'பத்து நாளில் பினாங்கு' இரண்டு பிரதியையும் எடுத்தேன். புனைகதை அடுக்குக்குக் கொண்டுபோனேன். வைக்கும் நேரத்தில் அந்தப் பெண்ணும் பால் செம்பும் நினைவுக்கு வந்தன. கதை என்று போட்டுவிட முடியாது, அங்கே பொங்கல் வைக்கிறார்கள்.

சமயம் அடுக்கில் வைத்துவிட்டு வந்தேன்.